பேப்பரில் இல்லாத செய்தி

என் அன்பு மச்சான் சுடலைமுத்துவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. சண்டை முடிந்துவிட்டது. குண்டு விழும் என்று பாதி ஊர் ஓடியதே, அந்தத் தூத்துக்குடியில் ஒரு ஓடுகூட உடையவில்லை. தோணிகள் முன்போலவே கப்பலுக்கும் கரைக்கும் போய்வருகின்றன. நானும் அதே சரக்குக் கிட்டங்கியில் அதே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறேன்.

உன் வெற்றிலைக் கடையைப் பேச்சியம்மாள் நடத்துகிறாள். உன்னைவிட நன்றாக நடத்துகிறாள் என்று சொன்னால் உன் மனைவிமேல் உனக்குப் பொறாமை வருமா? நீ பேச்சு கொடுத்தே வியாபாரத்தைக் கோட்டை விடுவாய். அவள் விடுவதில்லை.

காலையில் அங்கே இன்னமும் நான்தான் பேப்பர் வாசிக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்குப் போகும் முன் சுற்றி நின்று கேட்கிறார்கள். உனக்கு எழுத்து தெரியாது. ஆனால் கேள்வி கேட்பதில் உன்னை வெல்ல ஆள் கிடையாது. யாராவது ஊர்ச்சேதி கொண்டுவந்தால் போதும், "பாத்தவன் ஆருல? நீ பாத்தியா, இல்ல ஒருத்தன் சொல்லக் கேட்டியா?" என்று வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்பாய். வந்தவன் நழுவிவிடுவான். உனக்கு வேறு வேலை இல்லை என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அந்தக் காலையைச் சொல்கிறேன். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வாரம். ஸ்டேஷனுக்குப் போனேன், ரயிலில் பேப்பர் வரவில்லை. கடையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு மனமில்லை. முந்தின நாள் பேப்பரை விரித்தேன். தோணியில் வந்த ஒருவன் கரையில் உளறியதை, அதில் அச்சடித்திருப்பது போல, அதே ராகத்தில் வாசித்தேன். அடுத்தது தூத்துக்குடிதான், ஒரு வாரத்துக்குள் துறைமுகத்தில் குண்டு விழும் என்று.

நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் சீண்டினேன். "என்னல, இன்னைக்கு வாயத் தொறக்கல?"

"அச்சுல வந்துட்டுல்லா மச்சான். பொறவு என்னத்தக் கேக்க?" என்றாய்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் என் மரியாதை என்ன ஆவது என்று பார்த்தேன். மறுநாள் நீ பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு சாத்தான்குளம் போனாய். அங்கே ஓடிவந்த கூட்டம் ஏராளம், கிணறோ வற்றிக் கிடந்தது. கிடைத்த தண்ணீரைக் குடித்தீர்கள். பத்தாம் நாள் வாந்திபேதி உன்னைக் கொண்டுபோனது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். மரத்துப்போன கால்போல இருக்கிறது நெஞ்சு.

உன் கேள்வியை இப்போது நான் கேட்கிறேன், முதலில் என்னிடமே. தேதியைச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குகிறேன். ஒரு பேப்பர் சொன்னதை இன்னொன்றும் சொல்கிறதா என்று தேடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிறேன், தலைமைக் கிளார்க் படித்துவிட்டுப் போடும் பேப்பருக்காக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். "முன்னால எல்லாம் நல்லா வாசிப்பீரு அண்ணாச்சி, இப்ப சப்புன்னு இருக்கு" என்கிறார்கள். இருக்கட்டும்.

போன வருஷம் பேச்சியம்மாள் கேட்டாள்: "அண்ணே, எனக்கும் எழுத்து சொல்லித் தாரும். எத்தன நாளைக்கு அடுத்தவுக வாயப் பாத்துக்கிட்டு நிக்க?" சொல்லிக்கொடுத்தேன். கடைப் பலகையில் சுண்ணாம்பைத் தொட்டு எழுதிப் பழகினாள். இப்போது நான் ஒரு வார்த்தையை விழுங்கினால்கூடப் பிடித்துவிடுகிறாள்.

நேற்று சொன்னாள்: "குண்டு விழும்னு வந்த பேப்பர அவுக உம்மகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தாகல்லா, அண்ணே. டிரங்குப் பெட்டியில அப்படியே இருக்கு. ஞாயித்துக்கெழம நானே அத வாசிக்கப் போறேன். எத நம்பி அவுக கெளம்புனாகன்னு என் கண்ணால பாக்கணும்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் நாலு பக்கமும் தேடுவாள், மச்சான். கிடைக்காது. என்மேல் சந்தேகம் வராது அவளுக்கு. தனக்குத்தான் இன்னும் சரியாக வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துத் தேடுவாள்.

அதற்கு விடமாட்டேன். நாளைக் காலையில், எல்லாரும் நிற்கும்போதே, பேப்பரை விரிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு அவள் என்னைக் கடைப் பக்கம் சேர்க்காமல் போகலாம். ஆனால் அந்தப் பேப்பரில் அப்படி ஒரு செய்தி கிடையாது என்றும், அவளுக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும் என்றும் என் வாயால் அவளிடம் சொல்வேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மனைவி இன்றுவரை அண்ணன் என்று கூப்பிடுகிற,
உன் மச்சான் ஆறுமுகம்