சோழவந்தான் சாலையில் உனக்கொரு சுமைதாங்கி

என் கண்ணே, பேச்சித் தாயே,

வைகை வெள்ளத்தை ஒற்றைக் குடையால் தடுத்து நிறுத்தியவனும், மதுரைச் சீமைக்கே மாமனுமாகிய நான் எழுதுகிறேன். இப்படித் தொடங்கினால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டாயா? இங்கே யாரும் சிரிப்பதில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உன் சிறுகுடலை அறுத்துப் புற்றை எடுத்தார்கள். மலையையே பெயர்த்தெடுத்துவிட்டதாக ஊரெல்லாம் முழங்கினேன். வில்வண்டியில் வீடு வந்தாய். சில மாதத்தில் தீட்டு நின்றது, வயிறு மேடிட்டது. இத்தனை காலம் கழித்தாவது வயிறு திறந்ததே என்று உன் மாமியார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். பேரப்பிள்ளை ஏற யானை பார்க்கப் புறப்பட்டேன் நான்.

லேடி டாக்டர் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். பிள்ளையல்லவாம். குடலில் மிச்சமிருந்த புற்று இரண்டு சினைப்பைகளிலும் பரவி வளர்கிறதாம். இனிக் கத்தி வைத்துப் பயனில்லையாம். வெளியே வந்த என் முகத்தைப் பார்த்தாய்.

"தெரியும் மாமா. பிள்ளன்னா ஒரு தடவையாச்சும் அசையாதா?" என்றாய். "வீட்டுல சொல்லிறாதீங்க. இன்னுங் கொஞ்ச நாள் மாசமாவே இருந்துட்டுப் போறேன்."

மாமியார் அறுத்துத் தந்த மாங்காயை உப்புத் தொட்டுத் தின்றாய். கொல்லையில் போய் வாந்தி எடுத்தாய். மசக்கை என்று அவள் பூரித்தாள். எப்படியம்மா தாங்கினாய்?

நீ போன பிறகுதான் எல்லோருக்கும் உண்மை தெரிந்தது. பிள்ளைத்தாச்சியாய்ச் செத்தவளுக்குச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கமல்லவா? உன் புருஷன் கல்லுக்குச் சொல்லியிருந்தான். ஊர்ப் பெரியவர் உன் வீட்டுக்கே வந்து என்னை மறித்தார்.

"மாயாண்டி, நோவுல போனவளுக்கு ஏதப்பா கல்லு? நாளைக்குக் காய்ச்சல்ல போனவனுக்கும் கேப்பாக."

"அண்ணே, அவ சொமந்தாளா இல்லையா? எம்புட்டுக் கனம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"பிள்ளயச் சொமக்கலையே."

அடுப்படியிலிருந்து உன் மாமியார் வந்தாள். "எனக்கு அவ மாசமாத்தான் செத்தா" என்றாள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊர்ப் பொது இடத்துல கூடாது. வேணும்னா ஒன் வயக்கரையில வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு சுமந்து வருகிறவர்கள் சாலையை ஒட்டிய என் வயக்கரையில்தான் கழுத்து வலிக்க நிற்பார்கள். தை பிறக்குமுன் அங்கே கல்லை நட்டுவிடுவேன். பிள்ளையா, நோவா என்று எவன் கேட்டாலும், "தலையில இருக்கிறத மொதல்ல எறக்குடா" என்பேன்.

செத்தாலும் உறவு மாறாத
உன் தாய்மாமன் மாயாண்டி