உப்பில்லாப் பத்தியம்

செப். 12, 1972. செவ்வாய்.

விடியலில் தூறல். மணிமுத்தாற்றுக் கரையில் கீழாநெல்லி தளதளவென்று. ஒரு கைப்பிடி பறித்து, வேரோடு அரைத்து, மோரில் கலந்து ஜைனப்புக்கு. குடித்துவிட்டாள். கண்ணில் மஞ்சள் அப்படியே. பீங்கான் கம்பெனிக்கு லேட். கப்புகளைக் கிளேஸ் பூச்சில் முக்கும்போதும் கையில் இலை வாசனை.

கருவேப்பிலங்குறிச்சி வைத்தியர் சொன்னது: உப்பு, புளி, எண்ணெய் கூடாது. காமாலை தீர்ந்தால்தான் பத்தியம் முறிக்கலாம்.

"என்னாங்க, ஒரே ஒரு துண்டு கருவாடு. நாக்கு செத்துப்போச்சு."

மறுத்தேன். பரங்கிப்பேட்டையில் பிறந்தவள், கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது.

செப். 14. வியாழன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் வெக்கை. அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். வெறும் காமாலை இல்லையாம். ஈரலில் புற்று. முற்றிவிட்டது.

கீழாநெல்லி கேட்குமா என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து ரத்தப் புற்றுக்கு மருந்து எடுக்கிறார்களாம். "ஈரலுக்கும் ஏதாவது செடியில இருக்கலாம். இன்னும் யாரும் கண்டுபிடிக்கலங்க."

நம் கபரஸ்தானில் கல்லறைகளுக்கு நடுவே பூத்துக் கிடக்கிற அதே செடி. என் முகத்தைப் படித்துவிட்டார். "அரைச்சுக் குடுத்துடாதீங்க, விஷம்." கிளம்பும்போது: "அவங்க ஆசப்பட்டதக் குடுங்க."

ஜைனப்பிடம் காமாலைதான் என்று சொல்லிவிட்டேன்.

செப். 15. வெள்ளி.

ஜும்ஆ தொழுகை முடிந்து கடைத்தெரு. நெத்திலிக் கருவாடு, புளி, கத்திரிக்காய், நல்லெண்ணெய். குழம்பு நானே வைத்தேன். தட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஒரு வாய் வைத்தாள். கை நின்றுவிட்டது.

"பத்தியம் வேணாம்னுட்டாரா டாக்டரு?"

தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப அவ்ளோதானா நானு?"

மடையன் நான். அவள் வாய்க்கு ருசியாகக் கொடுக்கணும் என்றுதான் நினைத்தேன். இது தோணவே இல்லை. யா அல்லா.

பிறகு தட்டில் இருந்த மிச்சத்தையும் சாப்பிட்டாள். "உப்பு கம்மி. பரவால்ல. வஹிதாகிட்ட சொல்லிடாதீங்க."

மகளுக்கு எட்டு வயது. நல்லவேளை, நேற்றிலிருந்து சின்னம்மா வீட்டில்.

செப். 16. சனி.

வெயில். பழக்கத்தில் ஆற்றங்கரை வரை போய், பறிக்காமல் திரும்பினேன்.

வஹிதா வந்துவிட்டாள். வந்ததும் சட்டியைத் திறந்து பார்த்து ஒரே குதி. "அத்தா! கருவாட்டுக் கொழம்பு! பத்தியம் முடிஞ்சிடுச்சா? அம்மாவுக்கு நல்லாயிடுச்சா?"

ஜைனப் என்னை முந்திக்கொண்டாள்.

"ஆமாண்டி. உக்காரு, சேந்து சாப்புடலாம்."