கும்மிடிப்பூண்டிச் சுவரில் ஒரு முகம்

4 மார்ச் 1957, திங்கள்

சோப்புப் பெட்டிக்குத் தாமரை வரைந்து முடித்தாயிற்று. பள்ளிக்கூடத்துக்கான தவளைப் படம் பாதியில் நிற்கிறது. தொடர்கதை நாயகிக்கு மூக்கு இன்னும் எடுப்பாக வேண்டும் என்று வாரப் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சென்னை ஓவியப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தது இந்த மூக்குக்குத்தானா?

மாலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் மோசஸ் வந்தார். பெரியம்மைத் தடுப்புக்குச் சுவரொட்டி வேண்டுமாம். "சொம்மா கற்பனையில போடாதீங்க. நேர்ல பாத்து வரைங்க. ஜனங்க பயந்தாத்தான் அம்மை குத்திக்குவாங்க."

அப்பா கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டே, "ஹேமா, உனக்கேன்டி இந்த வம்பு?" என்றார். எனக்கோ ஆசையாக இருந்தது.

7 மார்ச்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு அப்பால், அம்மை கண்டவர்களைத் தனியே வைக்கும் கொட்டகை. மோசஸ் கூட வந்ததால் என்னை உள்ளே விட்டார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. கன்னத்துக் கொப்புளம் சாம்பல் கலந்த முத்து நிறம். ஓரத்தில் மட்டும் செம்மண் சிவப்பு. கீற்று இடுக்கில் நல்ல வெளிச்சம். மூன்று மணி நேரம். இவ்வளவு நன்றாக நான் இதுவரை வரைந்ததில்லை.

30 மார்ச்

சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது. மூலையில் என் கையெழுத்தும் விழுந்திருக்கிறது!

9 ஏப்ரல்

எப்படி எழுதுவேன்?

சுவரில் என் படத்தைப் பார்க்கும் ஆசையில் மோசஸோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கடைத்தெருவில் சுவரொட்டியின் மேல் யாரோ பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மோசஸ் அதை விலக்கப் போனார். ஒருத்தி ஓடிவந்து மறித்தாள்.

"தொடாதே! எம்பொண்ண வர்றவன் போறவன்லாம் பாத்து மூஞ்ச சுளிக்கிறான். அதான் மூடி வச்சிக்கினு இருக்கேன்."

மோசஸ் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். நான் வரைந்த மறுநாளே அந்தக் குழந்தை இறந்துவிட்டதாம். இவள் தாய், குணசுந்தரி. எனக்கு யாரும் சொல்லவில்லை — நான் கேட்டேனா?

"நான்தான் வரைஞ்சேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ அதாண்ட குந்திக்கினு இருந்தியா? என்னிய உள்ள வுடலம்மா. இன்னா பேசிச்சு எம்பொண்ணு? என்னியக் கேட்டுச்சா?"

ஞாபகம் இல்லை. ஐயோ, எதுவுமே ஞாபகம் இல்லை. குழந்தை ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மார்ச் ஏழாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். சாம்பல், முத்து, செம்மண். பெயர்கூட இல்லை. சீ! நானா இதை எழுதினேன்?

10 ஏப்ரல்

தவளைப் படத்தை இன்றும் தொடவில்லை.

11 ஏப்ரல்

அன்றைய வரைநோட்டை, கிருமி போக மருந்துப் புகை காட்டி மோசஸ் திருப்பித் தந்ததை, இன்றுதான் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் கோணல்மாணலாகச் சில கோடுகள். என்னுடையவை இல்லை. சட்டென்று நினைவு வந்தது. "அக்கா, எனுக்கும் குடு" என்றது குழந்தை. அசையாமல் இருந்தால் போதுமென்று பென்சிலைக் கொடுத்தேன்.

12 ஏப்ரல்

குணசுந்தரியிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க ஊட்டுக் கோழி. ஒத்தக் கால்தான் அதுக்கு. இன்னொண்ணு ஒடிஞ்சிப் பூட்ச்சு."

அவள் சிரித்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. குழந்தை பென்சில் கேட்டதைச் சொன்னேன்.

"அவ்ளோதானா?"

அம்மாவைக் கேட்டது என்று ஒரு பொய் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அவளாகவே சொன்னாள்: "சந்திரகலான்னு பேரு."

27 ஏப்ரல்

சுவரொட்டிகளை எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். வேறு படம் கொடுத்தால் எடுக்கிறோம் என்று பதில். என்ன வரைவது என்று குணசுந்தரியிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள்தான் சட்டென்று தோளைக் காட்டினாள்.

"என் கைய வரை. எனக்குக் குத்தின தழும்பு இருக்குது பாரு. நாந்தான் பயந்துகினு எம்பொண்ணுக்குக் குத்த வுடல. எதிர் ஊட்டுப் பசங்கள நேத்து நானே இட்டுகினு போயி குத்த வச்சிக்கினு வந்தேன்."

காலையில் அவள் வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். தோளைக் காட்டியபடியே சந்திரகலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள் — முதல் பல் முளைத்தது, ரயிலைப் பார்த்தால் கையசைப்பது, இட்லிக்குச் சர்க்கரை கேட்டு அடம் பிடிப்பது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். உச்சி வெயில் வந்துவிட்டது.

தாளில் அவள் கை இன்னும் பாதிகூட ஆகவில்லை.