வெண்டல் அத்தான் வாங்கிய பூனைத் தலை

லான்காஸ்டர், பென்சில்வேனியா
அக்டோபர் 19

அன்புள்ள மாவிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி ராய்ஸ் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஈரியில் ஏரிக்காற்று அதற்குள் குளிரத் தொடங்கிவிட்டதா என்றெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது முறை உன் மகள் எடுத்து, "அம்மா தோட்டத்துல இருக்காங்க மாமா" என்றாள். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் மழை கொட்டுவதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் தோட்டத்தில் உனக்கு என்ன வேலை என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

முதலில் அவசரமான விஷயம். வெண்டல் அத்தான் விட்டுப்போன அந்தக் காகிதக் கூழ்ப் பூனைத் தலை லாந்தரை வாசலில் வைக்காதே. ஏற்கெனவே வைத்திருந்தால், கடிதத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய் உள்ளே எடுத்து வை. அதற்குள் மெழுகுவத்தி ஏற்றவே ஏற்றாதே. வாசலில் வைத்து ஏற்றச் சொன்னவனே நான்தான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இங்கே என் வீட்டுக்காரி டோரீன் நலம். நான்தான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன் என்கிறாள். ஹாலோவீன் நெருங்கினால், பழம்பொருள் மதிப்பிடுகிற என் பிழைப்பு எப்படி என்று உனக்குத் தெரியும். பத்து வருஷம்கூட ஆகாத பிளாஸ்டிக் பூசணிக்காயில் 'பழங்காலத்தது' என்று சீட்டு ஒட்டி நாற்பது டாலர் கேட்கிறார்கள். புது அட்டை எலும்புக்கூட்டைத் தேநீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, பாட்டன் சொத்து என்று என் முகத்துக்கு நேராகவே நீட்டுகிறார்கள். இவர்களோடு மல்லுக்கு நின்று நின்று எதைப் பார்த்தாலும் எனக்குப் போலியாகத் தெரிகிறது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சாக்காகத்தான் சொல்கிறேன்.

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் போன மாதம் நடந்தது உனக்குத் தெரியும், நீ என் மதிப்பீட்டு மேசைக்கு எதிரில்தான் நின்றாய். என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படி.

நீ லாந்தரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாய். "உங்க அத்தான் சாகறதுக்கு முன்னாடி, இதை ராய்ஸ் கையில குடுத்து ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னாருடா" என்றாய். சுற்றிலும் இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கம்போல லேசாக ஈரம் தொட்ட துணியால் தூசியைத் துடைத்தேன். பிறகு ஊதா விளக்கைப் போட்டேன். புதுக் காகிதத்தில் வெளுப்பு மருந்து இருக்கும், அது அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும். தொண்ணூறு வருஷத்துக் காகிதக் கூழ் மங்கிக் கிடக்கும். உன் பூனையின் காதும் கன்னமும் மின்னின.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அத்தான் உன்கிட்ட நல்லா கதை அளந்திருக்காருக்கா. பத்து சென்ட் கடையில வாங்கிட்டு, சர்ச் விற்பனையில ஒரு கிழவி வித்தா, அவ அப்பா கடையில இருந்த பழைய சரக்குன்னு சொல்லிட்டாரு. வாசல்ல வெச்சு மெழுகுவத்தி ஏத்து, பசங்களாவது சந்தோஷப்படும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ, "அவரு என்கிட்ட பொய் சொன்னதே இல்லடா" என்று மட்டும் சொன்னாய். அதற்கும் நான், "இந்த ஊதா விளக்குக்கு அத்தான் யாரு, அந்நியன் யாருன்னு தெரியாதுக்கா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். உனக்கென்று டோரீன் எடுத்து வைத்திருந்த ஆப்பிள் பலகாரத்தை அன்று யாரும் தொடவில்லை.

போன சனிக்கிழமை பிக்ஸ்லர் என்பவர் ஒஹாயோவிலிருந்து என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் இருக்கிற சூனியக்காரி பொம்மையை வாங்க வந்தார். வயிற்றில் மிட்டாய் போட்டு வைக்கிற பொம்மை. ஒரு குடும்பத்திடம் நேராக வாங்கியது, 1929-இல் அவர்கள் வீட்டு மேசையில் அது உட்கார்ந்திருக்கிற புகைப்படத்தோடு. பிக்ஸ்லர் பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்துக் காட்டினார். பொம்மையின் தொப்பி விளிம்பு முழுக்க மின்னியது. "என்ன ராய்ஸ், ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற உங்களையே யாரோ கவுத்துட்டாங்களே" என்று சிரித்தார். நான் கத்தினேன். புகைப்படத்தை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன். அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் திரையை இழுத்து மூடிவிட்டு, என் அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக ஊதா விளக்கில் பார்த்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு நான் துடைத்ததெல்லாம் மின்னியது. துடைக்காதது ஒன்றுகூட மின்னவில்லை. கடைசியில் துடைக்கிற துணியை விளக்கடியில் விரித்தேன். டியூப்லைட் மாதிரி எரிந்தது அக்கா.

டோரீன் ஆகஸ்டில் புதுச் சலவைத்தூள் வாங்கியிருக்கிறாள். அதில் அதே வெளுப்பு மருந்து. அது துணியில் ஒட்டி, துணியிலிருந்து உன் பூனைமேல் ஒட்டியிருக்கிறது. துடைத்தவன் நான். உடனே சமையலறைக்குப் போய் டோரீனைத் திட்டினேன். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே, "துணியைத் துவைச்சது நான்தான். வாயைத் தொறந்தது யாரு?" என்று கேட்டாள்.

சலவைத்தூளின் மேல் பழியைப் போட்டு இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம். இரண்டு நாள் முன்பு அப்படித்தான் ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

உண்மை இதுதான். அந்தப் பூனையைக் கையில் எடுத்த உடனேயே அது அசல் என்று எனக்குத் தெரியும். உள்பக்கம் சொரசொரப்பான சாம்பல் நிறக் கூழ். கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் ஒட்டிய மெல்லிய காகிதம் பழுத்து, விரிசல் விட்டு, யாரும் மாற்றாமல் அப்படியே இருக்கிறது. அந்தக் காகிதம் இருந்தால் ஒரு விலை, மாற்றியிருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. அடியில் மெழுகுவத்தி செருகும் தகரம் துருப்பிடித்திருந்த விதத்தை போலி செய்கிற எவனாலும் செய்ய முடியாது. இத்தனையும் என் கண்ணில் பட்டது. ஊதா விளக்கில் அது மின்னியதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது.

நாற்பது வருஷமாக நான் ஒரு பூனைத் தலைக்காக அலைகிறேன். இரண்டு முறை ஏலத்தில் கோட்டை விட்டேன். உங்களுக்குக் கல்யாணமான வருஷம், அத்தான் பனி அள்ளும் மண்வெட்டி தேடிக்கொண்டு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த பழைய சாமான் விற்பனைக்குப் போய், எழுபத்தைந்து சென்ட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். டயர் கடைக்காரர். பழம்பொருளும் தெரியாது, விலையும் தெரியாது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்தக் கிழவி கதையைச் சொல்லிவிட்டு, "ஒரு தடவை கையில எடுத்துப் பாத்து சொல்லேன் மாப்ளே" என்பார். நான் ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன். எடுத்துப் பார்த்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரு மனுஷன் அத்தனை வருஷம் ஆசையாகக் கேட்டார், எனக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. அவர் போன பிறகு நீ வந்து கேட்டபோதும், அவரைப் பொய்யராக்கித்தான் அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

செவ்வாய்க்கிழமை எங்கள் பழம்பொருள் சங்கக் கூட்டத்தில், அதே மண்டபத்தில், மைக்கைப் பிடித்துச் சொன்னேன். என் அக்கா மாவிஸ் கொண்டுவந்தது அசல், 1920-களில் ஜெர்மனியில் செய்தது, வெண்டல் அத்தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம், தப்பு என்னுடையது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே" என்றார். ஆமாம் என்றேன். அன்று என் பேச்சுக்குச் சிரித்தவர்களில் யாரும் இப்போது சிரிக்கவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. என் மதிப்பீட்டு மேசையை அடுத்த வருஷம் வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும்.

மதிப்பு என்ன என்று கேட்டால்: ஆயிரத்து எண்ணூறு டாலருக்குக் குறையாது. முறையான கடிதம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ விற்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையெழுத்தோடு அது உன் வீட்டில் இருக்கட்டும். மின்னுகிற தூசியைத் தண்ணீர் தொட்டுத் துடைக்காதே, ஓவியர்கள் வைத்திருக்கிற மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். ஒருவேளை நான் சொன்னதைக் கேட்டு நீ அதை மழையில் வைத்து, அது கரைந்தே போயிருந்தாலும், மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மாறாது.

முப்பத்தொன்றாம் தேதி நானும் டோரீனும் காரில் ஈரிக்கு வருகிறோம். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்கு வீடு வீடாகக் கிளம்புவார்கள். உங்கள் தெருவில் அவர்களுக்குப் பின்னால் நானும் நிற்பேன். வாசல் விளக்கு எரிகிற வீட்டைத்தான் தட்டலாம், அணைந்திருந்தால் பேசாமல் தாண்டிப் போக வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். உன் வீட்டு விளக்கு அணைந்திருந்தால் தட்ட மாட்டேன். ஐந்து மணி நேரமும் திரும்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவேன், கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஆனால் எரிய விடு அக்கா.

உன் தம்பி,
ராய்ஸ்