முகம் காட்டச் சொல்கிறார்கள்

என் குண்டு ராஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்காமல் வேலை நேரத்தில் போன் பண்ணிவிடுவாய். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அழுகைதான் முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரிக்காதே.

அப்பா போய், நீயும் வேலைக்குத் திரும்பிய பிறகு வீட்டில் சத்தமே இல்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் பூராவும் இஸ்திரி போட்டுவிட்டு வந்தால், பூட்டைத் திறக்கிற சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. அதனால் அவர் மோட்டார், ஃபேன் எல்லாம் பழுது பார்த்துக் காட்டிப் போட்ட வீடியோக்களை ஓடவிட்டுக்கொண்டு சமைப்பேன். அவர் முகம் எதிலும் இல்லை, எண்ணெய் பட்ட கையும் குரலும்தான். டார்ச் பிடித்த என் கை ஓரத்தில் ஆடும், உடனே, ஏய், என்ன நாட்டியமா ஆடுற, ஒழுங்காப் பிடி என்று திட்டுவார். அந்தத் திட்டு வரும்போது மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பேன்.

இப்போது அந்த வீடியோக் கம்பெனிக்காரர்கள் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பொய் ஆட்கள் பெருகிவிட்டார்களாம், அதனால் பக்கம் வைத்திருப்பவர் கேமராவில் முகம் காட்ட வேண்டுமாம், காட்டும்வரை வீடியோ ஓடாதாம், மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் பக்கத்தையே எடுத்துவிடுவார்களாம். அவரோ போனில் இடம் போதவில்லை என்று எடுத்த வீடியோவை அவ்வப்போது அழித்துவிடுவார், வேறெங்கும் அந்தக் குரல் இல்லை. நான் என் முகத்தைக் காட்டினேன், அவர் ஆரம்பத்தில் கொடுத்த போட்டோவோடு பொருந்தவில்லை என்றது. சரி என்று சுவரில் இருக்கிற அவர் படத்தைக் கழற்றித் துடைத்துக் காட்டினேன். பச்சை வட்டம் வந்தது, எனக்கு உயிரே வந்தது, அப்புறம் பார்த்தால் கண்ணைச் சிமிட்டுங்கள் என்று எழுத்து வருகிறது. படத்தை அசைத்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், அது கண்ணைச் சிமிட்டுங்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நானும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்டா, எங்கே சிமிட்டிவிடுவாரோ என்று.

அந்த அறிவிப்புக்குக் கீழே எழுதுகிற கட்டம் ஒன்று இருந்தது. அது ஆபீசுக்குப் போகும் என்று நினைத்து, மேனேஜர் ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் சொல்லி, வீட்டு விலாசம்வரை எழுதிவிட்டேன். அது ஊரே படிக்கிற இடமாம், பதில் மேல் பதில் வந்து போன் விடாமல் கூவ ஆரம்பித்தது. ஒருவர், அம்மா, மொதல்ல அட்ரஸை அழிங்க, இங்க மேனேஜர் எவனும் வரமாட்டான், நாங்கதான் கத்திக்கிட்டுக் கெடக்கோம் என்றார். உண்மைதான், மேலே தள்ளிப் பார்த்தால் உலகமே சண்டை போடுகிறது. தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் முகத்தை முகமே இல்லை என்கிறதாம். ஒரு வேன் டிரைவர், என் மூஞ்சிய என் பொண்டாட்டியே சகிக்கல, மிஷின் பாவம் என்ன பண்ணும் என்று எழுதியிருந்தார், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொய்ப் பக்கத்தை நம்பி ஏமாந்த டீச்சர் ஒருவர் மட்டும், இந்தச் சட்டம் வேணும்தாங்க என்றார், அதுவும் நியாயம்தானே. ஒருவன், செத்தவருக்கு எதுக்கு அக்கவுண்ட், லைக் வாங்கவா என்றான். உடனே ஒரு தையல்காரி, நீ உசுரோட இருந்தே ஒரு லைக் விழல, நீ பேசுறியா என்று அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அன்று பூராவும் வீட்டில் ஆள் இருந்த மாதிரி இருந்தது. நானும் எல்லோருக்கும் பதில் எழுதினேன், சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்டேன். மறுநாள் வேலை விட்டு வந்து பார்த்தால் அந்தக் கட்டத்தையே மூடிவிட்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ, பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அந்தத் தையல்காரி கடைசியாகச் சொன்னதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். புள்ளை இருந்தா காட்டச் சொல்லுங்கக்கா, எங்கக்கா போன் என் மூஞ்சிக்கே தொறக்குது என்றாள். அவரை உரித்து வைத்திருக்கிறாய் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்துச் சொன்னார்களே. மீசையை விட்டுக்கொள், கண்ணாடியைக் கழற்றிவிடு. பொய் என்று எனக்கும் தெரியும், அந்த டீச்சரை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை திறந்தால் போதும், குரலை எடுத்து வைத்துக்கொண்டு நாமே மூடிவிடலாம்.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, பனி உனக்கு ஆகாது. மாதக் கடைசியை மறந்துவிடாதே.

எந்த நேரமும் உன் நினைப்பாகவே இருக்கும்,
உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று தோன்றுகிறது. நீ முகத்தைக் காட்டியும் அந்த மிஷின் இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் உங்கப்பா எங்கேடா இருப்பார்?