ஊர் சுற்றிய நாற்காலி

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் ஊரின் ஒரே நாற்காலி ஒரு கால் உடைந்து முக்காலியாகப் பதவி இறங்கிவிட்டது. அதற்குச் சொந்தக்காரரான கடைக்கார மாமா என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். ஒன்றுமில்லாத வீடுகளுக்குக் கறவை மாடு கொடுப்பதற்காகக் கணக்கெடுக்க ஓர் அதிகாரியம்மா வந்தார். மாடு வந்தால் நீ பஞ்சு மில் வேலையை விட்டு வந்துவிடலாம் என்று அம்மா எத்தனை நாளாகச் சொல்கிறாள், உனக்கே தெரியும். ஆனால் அன்று காலையில், “மலையேறி வர்றவங்களைத் தரையிலயா உட்கார வைக்கிறது? மானம் போயிடும்டா” என்று பதறினாள். எல்லா வீட்டிலும் இதே பதற்றம். கடைசியில் மாமாவின் நாற்காலி, ரேடியோ, இரண்டு எவர்சில்வர் டம்ளர் எல்லாம் என் தலைமையில் புறப்பட்டன. அந்தம்மா முன்வாசலில் இறங்கினால் நான் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் பறப்பேன். ஊர் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார், பாவம், அடையாளம் தெரியவில்லை! கடைசி வேலியைத் தாண்டும்போதுதான் அதன் கால் போனது.

“பரவாயில்லையே, எல்லார் வீட்டுலயும் நாற்காலி, ரேடியோ இருக்கே” என்று அந்தம்மா சந்தோஷமாக எழுதிக்கொண்டார். மாடுகள் வேறு ஊருக்காம். அன்று மதியம் எங்களுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அம்மா தண்ணீர் குடித்துப் படுத்தாள்.

உன் தம்பி சும்மா விடுவானா? குறுக்குப் பாதையில் சறுக்கி இறங்கி, அந்தம்மா திரும்பிப் போன ஜீப்பை மறித்து, “மேடம், நீங்க பார்த்தது அத்தனையும் ஒரே நாற்காலி” என்று புட்டுப் புட்டு வைத்தேன். ஊரே என்னைத் தோளில் தூக்காத குறை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாட்டுக்கு வீட்டுக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, கயிறு திரித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா, இனி எழுதுவதை அம்மாவிடம் சொல்லாதே. ஓடியது நிஜம், மறித்ததும் நிஜம். அந்தம்மா கண்ணாடியை இறக்கி, “என்னப்பா? சட்டை நல்லாருக்கே!” என்றார். அது மாமா மகனிடம் இரவல் வாங்கியது. இரவல் என்று சொல்ல வாய் வரவில்லை. “சும்மாதான்... பார்த்துப் போயிட்டு வாங்க” என்று கையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா இந்நேரமும் கயிறுதான் திரிக்கிறாள். பஞ்சுத் தூசியில் இருமல் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாயே. மாட்டுக்காகக் காத்திருக்காதே. நீ மட்டும் வந்துவிடு, அக்கா.

இப்படிக்கு,
ஜீப்பை மறித்த வீரன் (என்று ஊர் நம்பும்)
உன் தம்பி