அலுவலகத்தில் கிடக்கும் சந்தூக்கு

அனுப்புநர்:
ஷேக் பரீத்,
மரப்பட்டறை உரிமையாளர்,
குர்லா, பம்பாய்.

பெறுநர்:
திரு. வெங்கடேஸ்வரன் அவர்கள்,
ஆக்கிரமிப்பு அகற்றும் கிளை அலுவலர்,
செம்பூர், பம்பாய்.

பொருள்: எடுத்துச் செல்லப்பட்ட தேக்குச் சந்தூக்கைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று தங்கள் அலுவலகப் பியூன் இசக்கிப்பாண்டி சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. சென்ற மாதம் சாலையை அகலப்படுத்த எங்கள் தொழுகைக்கூடத்தை ஒட்டிய கொட்டகையைத் தங்கள் ஆட்கள் இடித்து, உள்ளிருந்த மரச்சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். அவற்றில் ஜமாத்தின் சந்தூக்கும் ஒன்று. இறந்தவரைக் கிடத்தி, தோள் மாற்றித் தோள் மாற்றி அடக்கத்தலத்துக்குச் சுமந்து செல்வது அதில்தான். எங்கள் எல்லோருக்கும் அது ஒன்றே. மேல்வளைவுகளைக் கழற்றினால் கட்டில் போலத் தெரியும். ஆகவே தங்கள் ஆட்களைக் குறை சொல்லவில்லை.

2. கப்பல் உடைக்கும் தாருக்கானாத் துறையில் உடைத்த ஒரு கப்பலின் மேல்தளப் பலகைகளை வாங்கி அதைச் செய்தவன் நான். தேக்கு கப்பலாகும், கதவாகும், மேசையாகும். உப்புநீருக்கும் கரையானுக்கும் அசையாது. அது எதற்கெல்லாம் பயன்படும் என்பது எனக்குத் தெரியும் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

3. நேற்று சந்தூக்கைக் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். இசக்கிப்பாண்டி நடைவழியில் கிடந்த கட்டிலைக் காட்டி, “உக்காரும் பாய், தேக்காக்கும். யான ஏறுனாலும் ஆடாது” என்றார். உட்கார்ந்தேன். பழைய திருகாணித் துளைகளை அடைத்த வட்ட முளைகள் கையில் தட்டுப்பட்டன. நான் அடித்தவை. எதிர்ச் சன்னலில் மேல்வளைவுகள் சாத்தியிருந்தன. அவற்றில் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

4. ஒரு மணிக்கு என்னை எழச் சொன்னார். தாங்கள் சாப்பிட்டு வந்து, தலைமாட்டில் சரியாகத் தலைவைத்து நீட்டிப் படுத்தீர்கள். ஈக்காக வெள்ளைத் துண்டால் முகத்தையும் மூடிக்கொண்டீர்கள். மரணத்தைக் கண்டால் ஓதும் வசனம் என் வாயில் தானாக வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும். அதில் படுத்தவர்களில் எழுந்து கோப்பு பார்ப்பவர் தாங்கள் ஒருவரே. அதிர்ச்சியில், கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

5. சென்ற வியாழன் நூர் நிஷா காலமானார். பக்கத்து ஜமாத்தின் சந்தூக்கு வேறொருவரைச் சுமந்து போயிருந்தது. என் பட்டறை பிளைவுட் பலகையில் கொண்டு சென்றோம். மழையில் அது ஊறி நடுவில் தொய்ந்தது. வழி நெடுக அடியில் கைகொடுத்தபடியே நடந்தோம். அவர் என் மனைவி.

6. தாங்கள் இளைப்பாற நல்ல தேக்குக் கட்டில் ஒன்றை என் செலவில் செய்து தருகிறேன். சந்தூக்கை மட்டும் உடனே அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் தெருவில் ஷரீஃபுன்னிசா என்ற மூதாட்டி நோய் முற்றிப் படுத்திருக்கிறார். பிளைவுட் விஷயம் அவர் காதுக்கும் எட்டிவிட்டது. சந்தூக்கு வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லத் தாங்கள்தான் உதவ வேண்டும்.

இடம்: குர்லா
நாள்: 15.7.1986

இப்படிக்கு,
ஷேக் பரீத்